குடிக்கலா-காது

ஐயா,

நீ நாளை மறுநாள் சிங்கப்பூருக்குப் போகப்போகிறாய் என்பதை நேற்றுக் காலை உன் அக்கா வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "தம்பி ஒங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்று அவள் கேட்டாள். கையில் கரண்டி இருந்தது வரை நினைவிருக்கிறது. பிறகு குழம்பு தீய்ந்த வாடை வந்து, அவள்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேனாம். பெற்ற பிள்ளை நாட்டை விட்டுப் போகிறான், எனக்குத் தகவல் மூன்றாவது வாய் வழியாக வருகிறது. சரி, என்மேல் அவ்வளவு கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆனால் நேற்று மாலை பக்கத்து லயத்து வரிசை வீட்டு முனியன் வந்து ஒரு கதை சொன்னான். அதைக் கேட்டபிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை உறையில் போட்டு ஒட்டப்போவதும் இல்லை. வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதி நடந்தபோது நீ ரவாங்கில் அச்சகத்தில் இருந்தாய், நான் இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசருக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன். நான் பார்த்ததை நீ என் வாயால் கேட்கவே இல்லை. போனில் நாம் பேசியது பேச்சே இல்லை, இரண்டு பேரும் கத்தினோம், அவ்வளவுதான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அச்சகத்துக்கு நான் ஒரே முறைதான் வந்தேன். முதலாளி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார், அதை ஓட்டக் கற்றுக்கொண்டவன் நீ ஒருவன்தான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தேன். நீ என்னை நாற்காலியில் உட்காரவைத்து என் பெயரை அடித்துக் காட்டினாய். நீ தட்டியதெல்லாம் ஆங்கில எழுத்து போட்ட கட்டை, ஆனால் கண்ணாடியில் தமிழாக வந்தது. "இது எப்படிடா?" என்றேன். "உள்ளுக்குள்ள எல்லாம் இங்கிலீசு எழுத்துதாம்மா. மேல தமிழ்ச் சட்டை போட்டுவிட்டிருக்கோம்" என்றாய். பிறகு ஓர் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி, வரியின் ஓரத்தில் நீளமான சொல் வந்து இடித்தால் மெஷினே அதைச் சரியான இடத்தில் வெட்டி, ஒரு சின்னக் கோடு போட்டு, மீதியைக் கீழ் வரிக்கு இறக்கிவிடும் என்று விளக்கினாய். வரிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நிற்கும் என்றாய். "தமிழுக்கும் வெட்டுமா?" என்று கேட்டேன். "அதுவும் வெட்டுது, ஆனா சில நேரம் கோணல்மாணலா வெட்டுது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, எங்கள் கோயில் திருவிழா நோட்டீசுக்கு நீ முதலில் எடுத்த தாளைக் காட்டினாய். ஒரு வரியின் கடைசியில் வெறும் கொம்பு மட்டும் நின்றது. அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் கிடந்தது. "என்னடா, கொம்பு மட்டும் நிக்குது, மாட்டக் காணோம்?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். முதலாளிகூடச் சிரித்தார். அன்றைக்கு அது நமக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் தோட்டத்து நோட்டீஸ் வேலை உன்னிடம் வந்தது. காட்டுக்குள் மருந்து கலக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த பழைய தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் புதுத் தொட்டி ஒன்று வைத்தார்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்தை நாம் மருந்து என்கிறோம், உனக்குத் தெரியும் அது விஷம் என்று. மருந்து அள்ளிய டின்னை அதே தொட்டியில் முக்கித்தான் தண்ணீர் எடுப்பார்கள், பம்பு கழுவுவார்கள். ஆகவே மூன்று மொழியிலும் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. மலாய், தமிழ், ஆங்கிலம், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று பத்தி. தமிழை எழுதிக் கொடுத்தது ஆபிசின் தலைமை எழுத்தர், நம் பெரிய கிராணி. அவருக்கு எப்போதுமே கெட்டித் தமிழ் வேண்டும். 'இத்தொட்டி நீரைக் குடிக்கலாகாது' என்று எழுதினார். நீ அதைப் பக்கமாக அடுக்கி, அச்சாக்கி, கட்டாக நீயே பஸ்ஸில் கொண்டு வந்து ஆபிசில் கொடுத்தாய். வழியில் வீட்டுக்கு வந்து எனக்கும் ஒன்றைப் பிரித்துக் காட்டினாய். எழுத்து பெரிதாக, கறுப்பாக, அச்சு மணத்தோடு இருந்தது. நான் படித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். பக்கத்து லயத்து அஞ்சலை அப்போது வாசலில் நின்றாள். "என் மவன் கம்ப்யூட்டர்ல அடிச்சது" என்று அவளுக்கும் தூக்கிக் காட்டினேன். மடிப்பைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. அவள் தலைப்பைப் பார்த்து, "அறிவிப்பு" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோயில் மண்டபத்தில் நடந்த முதியோர் வகுப்பில் அந்த வருடம்தான் அவள் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கடைப் பலகை, பஸ் பலகை, பால்டின் எது கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் போவாள்.

அந்த நாள் வந்தது. லயத்துக் குழாயில் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் இல்லை. மெயின் ரோட்டுப் பக்கம் பைப் உடைந்துவிட்டது, தண்ணி லோரி வரும் என்றார்கள், வரவில்லை. மருந்தடிக்கும் பெண்கள் காலியான போத்தலோடுதான் காட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறியதும் தாகம். காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று யூனியன்காரர்கள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் குடிதண்ணீர்த் தொட்டிதான் வந்துவிட்டது போல என்று அஞ்சலை புதுத் தொட்டியைப் பார்த்தாள். அதில் புதுத் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். கிட்டே போய்ப் படித்தாள். படித்துவிட்டுத் தன்னுடைய போத்தலை நிரப்பி, கூட இருந்த இரண்டு பெண்களுக்கும் கொடுத்தாள். தனக்குத்தான் அதிகம் ஊற்றிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு முன், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூன்று பேருக்கும் வாந்தி. அஞ்சலைக்கு உதடும் நாக்கும் வெந்ததுபோல் சிவந்திருந்தன. டிரெசர் அவள் முகத்தை நிமிர்த்தி, "என்ன குடிச்ச? எங்க குடிச்ச?" என்று கேட்டார். "தொட்டித் தண்ணி" என்றாள். எந்தத் தொட்டி என்று தெரிந்ததும் டிரெசர் கையிலிருந்த டார்ச்சு கீழே விழுந்துவிட்டது. "நோட்டீஸ் ஒட்டிருக்குல்ல? கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கத்தினார். அவள் வலியோடு வலியாக, "நோட்டீச பாத்துட்டுத்தான் குடிச்சேன் சார். குடிக்கலான்னுதானே போட்டிருக்கு. கீழ காதுன்னு போட்டிருந்துச்சு. குடிக்கலாம், காதுல கீதுல ஊத்திடக்கூடாது போலன்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விஷம் தலைக்கேறிப் பிதற்றுகிறாள் என்றே எண்ணினேன்.

தஞ்சோங் காராங் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும், என்ன மருந்து என்று டாக்டர் கேட்பார், தொட்டித் தண்ணீரில் ஒரு போத்தலும் மருந்து டின்னின் மேலுள்ள தாளும் வேண்டும் என்று டிரெசர் என்னை வேனில் அனுப்பினார். ஓட்டியவர் மலாய்க்கார டிரைவர் பாக் டின். தொட்டியருகே இறங்கி, போத்தலை முக்கப் போனவள் அந்த நோட்டீசை நிமிர்ந்து பார்த்தேன். தினம் அதைத் தாண்டிப் போகிறவள் அல்ல நான், ஆனால் உன் கையில் பார்த்த அதே தாள்தான். இப்போது அஞ்சலை சொன்னது காதில் இருந்ததால், அவள் படித்திருக்கக்கூடியபடி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மேல் வரியில் 'இத்தொட்டி' என்று இருந்தது. அதற்கடுத்த வரியில் 'நீரைக் குடிக்கலா' என்று இருந்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்கும் கீழே, தனியாக, 'காது'.

அவள் பிதற்றவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது ஐயா. நாம் வாயில் எப்படிப் பேசுகிறோம்? சாப்பிடலா, போகலா, குடிக்கலா என்றுதானே. கடைசி மகரம் யார் வாயில் வருகிறது? இந்த ஊரில் அதற்குமேல் 'வா லா, சாப்பிடு லா' என்று 'லா' வேறு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்கிறது. குடிக்க லா! யாரோ அன்பாகக் கூப்பிட்டு உபசரிப்பதுபோல் அந்தத் தாள் விஷத் தொட்டியின்மேல் நின்றுகொண்டிருந்தது. தமிழ் எழுத்தில் வரி ஓரத்தில் கோடு போட்டு நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? அவள் அதை முற்றுப்புள்ளிக்குப் பதிலாகப் போட்டது என்று நினைத்திருப்பாள். நான் முதலில் உன் கையில் பார்த்தபோது 'குடிக்கலாகாது' என்று படித்தேன். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால் என் கண் தானாகவே இரண்டு வரியையும் ஒட்டிப் படித்துவிட்டது. அவளுக்கு முன்பே எதுவும் தெரியாது. தாளில் இருந்ததை மட்டும்தான் அவள் படித்தாள்.

பாக் டின் பின்னால் வந்து நின்று மலாய்ப் பத்தியைப் பார்த்தார். 'டிலாராங்' என்று இருக்க வேண்டியது, கூடாது என்று அர்த்தம், அதையும் மெஷின் 'டில்' என்று ஒரு வரியிலும் 'ஆராங்' என்று மறு வரியிலும் வெட்டிப் போட்டிருந்தது. மலாயில் ஆராங் என்றால் கரி. "ஆராங்? எதுக்கு இங்க கரி?" என்று முதலில் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மூன்று பத்தியில் ஆங்கிலம் மட்டும்தான் ஒரு சொல்கூட உடையாமல் இருந்தது. அந்தக் காட்டுப் பக்கம் வருகிறவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மானேஜர் ஒருவர்தான், அவர் அந்தத் தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போவதில்லை. நான் நகத்தால் அந்தத் தாளைச் சுரண்டினேன். கிழியவில்லை. நல்ல பசை போட்டிருந்தார்கள். பாக் டின் வேனிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வந்து சுரண்டிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மண்ணைக் கரைத்துத் தம்ளர் தம்ளராக அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இந்த விஷத்துக்கு அதுதான் சிகிச்சையாம், மண் விஷத்தை இழுத்துக்கொள்ளுமாம். கூடக் குடித்த இருவரும் அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்ததால் மருந்து நீர்த்திருந்தது, அதனால் தப்பினார்கள் என்று டாக்டர் சொன்னார். அஞ்சலை அதிகம் குடித்தவள். வாயெல்லாம் புண், ஒரு சொட்டு விழுங்க முடியாது, மூச்சு இழுத்து இழுத்து விட்டாள். அவள் புருஷன் முனியன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நல்ல நாளிலேயே பேச்சு குறைந்தவன் அவன்.

இப்போது நீ கோபித்துக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். அஞ்சலை அங்கே கிடக்கும்போதே இங்கே ஆபிசில் விசாரணை வைத்தார்கள். மானேஜர் ஆங்கிலத்தில் பேச, பெரிய கிராணி தமிழில் சொன்னார். மூன்று மொழியில் நோட்டீஸ் இருந்தும் மதிக்காமல் குடித்து, மற்ற இருவருக்கும் கொடுத்தது அவள் குற்றமாம். வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்களாம். வேலை போனால் லயத்து வீடும் போகும், உனக்குத் தெரியாததில்லை. முனியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "படிக்கத் தெரியாத பொம்பளைய மருந்து வேலைக்கு வச்சதே தப்பு" என்றார் கிராணி. அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. டிரெசரோடு சாட்சிக்குப் போயிருந்தவள், நடுவில் புகுந்து, "அவளுக்குப் படிக்கத் தெரியும். அதுல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் படிச்சா. அச்சடிச்சதுதான் தப்பு" என்றேன். சுரண்டி எடுத்த தாளை மேசையில் விரித்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினேன். கிராணி முகம் கறுத்துவிட்டது. "யாரு அடிச்ச நோட்டீசு இதுன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார். "தெரியும். என் மகன் அடிச்சது" என்றேன்.  உன்னைக் காட்டிக்கொடுப்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், தண்ணீர் குடித்தவளே குற்றவாளியாகி, சட்டி பானையோடு ரோட்டில் நின்றிருப்பாள். இன்னொரு முறை அப்படி ஒரு நிலை வந்தாலும் நான் சொல்வேன். இதை மறைத்து உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அன்று பிற்பகலே டிரெசர் அறைக்கு உன் போன் வந்தது. "என் பேர எதுக்கும்மா சொன்னீங்க? மொதலாளி என்னயப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறாரு" என்றாய். "அந்த மெஷினுக்குத் தமிழ்னே தெரியாதும்மா. உள்ள இருக்கிற இங்கிலீசு எழுத்தப் பாத்துட்டு, இங்கிலீசு வார்த்தைன்னு நெனச்சு வெட்டிருச்சு. மலாயையும் அப்படித்தான் வெட்டிருக்கு. அந்த வெட்டுற வசதிய நான் அடைக்க மறந்துட்டேன்" என்றாய். "மெஷினுக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியும்ல? அச்சுக்குப் போறதுக்கு முன்னால நீ படிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டேன்.  "பாத்தேம்மா. எனக்குக் குடிக்கலாகாதுன்னுதான் தெரிஞ்சுச்சு" என்றாய். நானும் அப்படித்தானே படித்தேன். அதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் அஞ்சலையின் வாய்ப்புண்ணைத் துடைத்துவிட்டு வந்த கை, மனம் ஒரு நிலையில் இல்லை. "அவ செத்துப்போனா நீ என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை எப்படி என் வாய் சொன்னது என்று நினைத்தால் எனக்கே திகிலாக இருக்கிறது. அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் நீ வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அக்கா வீட்டோடு நின்றுகொண்டாய். நீ கோபத்தில் இருக்கிறாய் என்று நானும், இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் அஞ்சலை வீடு திரும்பினாள். குரல் மட்டும் முன்போல் இல்லை, கரகரவென்று எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஆபிசிலிருந்து ஆள் வந்து, வேலையிலிருந்து நிறுத்தவில்லை, இனி ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மானேஜர் மனம் எப்படி மாறியது என்று எங்களுக்கு விளங்கவில்லை. நான் மேசையில் விரல் வைத்துக் காட்டியதுதான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையும் நேற்று மாலையோடு போயிற்று.

நேற்று நீ சிங்கப்பூர் போகும் செய்தி லயத்துக்குள் பரவியதும் முனியன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, ஒங்க மகன் என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கான். ஆனா அவன் இப்படியே போயிட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றான். அன்றுவரை அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. நான் போனை வைத்த மறுநாளே நீ தஞ்சோங் காராங்குக்கு வந்தாயாம். அஞ்சலை கட்டிலருகே நின்றுவிட்டு, முனியனை வெளியே கூப்பிட்டு, "அண்ணே, இதே நோட்டீசு மத்த தோட்டங்களுக்கும் போயிருக்கு. மொதலாளி அதையே நெறைய அடிச்சு வித்துட்டாரு" என்றாயாம்.  ஒரு தொட்டியில் ஒட்டிய ஒரு தாள் என்றுதானே நான் நினைத்திருந்தேன்! உன் முதலாளியிடம் எல்லாத் தோட்டத்துக்கும் போன் போடச் சொன்னாயாம். "ஒரு பொம்பளை தப்பாப் படிச்சதுக்கு நான் ஊரெல்லாம் போன் போட்டு என் கடைய நானே மூடிக்கணுமா?" என்றாராம் அவர். நீ அங்கேயே வேலையை விட்டுவிட்டாயாம். உன்னை வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள், அதற்கு நான்தான் காரணம் என்றல்லவா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன்.

பிறகு அஞ்சலையை நர்சுகளிடம் விட்டுவிட்டு, முனியனுடைய மோட்டார் சைக்கிளில் நீ ஓட்ட அவன் பின்னால் உட்கார, பெயின்ட் டின்னும் தூரிகையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பியிருக்கிறீர்கள். சுங்கை சோ பக்கம், செரண்டா பக்கம் என்று தோட்டம் தோட்டமாக. சில இடத்தில் கிராணிமார் கேட்டதும் கிழிக்க விட்டார்களாம், சில இடத்தில் "எங்க ஆளுங்க யாரும் குடிக்கல, நீ யாரு?" என்று விரட்டினார்களாம். ஒரு தோட்டத்தில் காவல்காரன் உங்களைத் திருடர் என்று கொட்டகைக்குள் உட்காரவைத்துவிட்டானாம். தாளைச் சுரண்டிய இடத்தில் எல்லாம் உன் கையாலேயே 'விஷம்' என்று ஒரு வரியும், 'குடிக்காதே' என்று ஒரு வரியும் சிவப்புப் பெயின்டில் எழுதினாயாம். மலாயில் எழுதும் இடத்தில் அந்தந்தத் தோட்டத்து மலாய்க்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, சரி என்ற பிறகுதான் நகர்ந்தாயாம்.

உலு யாமுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நடந்ததையும் முனியன் சொன்னான். வண்டி நிற்பதற்குள் நீ குதித்து ஓடினாயாம். தொட்டியடியில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் நிரம்பிய போத்தல். பிள்ளையின் வாயில் வைக்கப் போகிறாள். நீ கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. பாய்ந்து போத்தலைத் தட்டிவிட்டாய். யாரோ முன்பின் தெரியாத ஆண்பிள்ளை மேலே வந்து விழுகிறான் என்று அவள் உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாளாம். "சத்தம் எனக்கு வண்டி வரைக்கும் கேட்டுச்சு அக்கா" என்றான் முனியன். நீ கன்னத்தைக்கூடத் தொடவில்லையாம். "குடிச்சிட்டீங்களா? பிள்ளைக்குக் குடுத்தீங்களா?" என்று இதையே திரும்பத் திரும்பக் கேட்டாயாம். "இல்ல, இப்பத்தான் மொண்டேன். போர்டுல குடிக்கலான்னு போட்டிருக்கே, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றாளாம் அவள். அப்போதுதான் நீ அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதாயாம். அஞ்சலை படித்தமாதிரியே, அஞ்சலையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருத்தியும் படித்திருக்கிறாள். அந்தத் தோட்டத்து மண்டோரைத்தான் நீ கெஞ்சிக் கூட்டி வந்து நம் கிராணியிடமும் மானேஜரிடமும் நடந்ததைச் சொல்லவைத்தாய் என்பதும் நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அஞ்சலையின் வேலையும் வீடும் தப்பியது அதனால்தான்.

"ஏண்டா இத என்கிட்ட சொல்லல?" என்று முனியனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "அம்மாகிட்ட சொன்னா மன்னிப்புக் கேக்க வந்த மாதிரி ஆயிடும், அவங்க மூஞ்சியில முழிக்க எனக்குத் தைரியமில்லன்னு சொன்னான் அக்கா" என்றான். இரண்டு மாதமாக நான் உன்னைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ நான் சொன்ன ஒரு சொல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்திருக்கிறாய். இது எனக்கு அந்த நோட்டீசைப் படித்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

சிங்கப்பூரிலும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் வேலைதான் என்று அக்கா சொன்னாள். போ, நல்லபடியாகச் செய். நீ அடிக்கிறது எந்த மொழி என்று அந்த மெஷினுக்கு யாராவது ஒருநாள் சொல்லிக் கொடுப்பார்கள். அதுவரை அதற்குத் தெரியாது என்பதை நீ மறக்கக்கூடாது. எது வெட்டப்படலாம், எங்கே வெட்டப்படக்கூடாது என்பதை அதனிடம் விட்டுவிடாதே. ஒவ்வொரு வரியையும், அதற்கு மேலும் கீழும் ஒன்றுமே இல்லாததுபோல் வாய்விட்டுப் படி. பிறகு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவர் தடுக்கினால் அவரைத் திருத்தாதே, தாளைத் திருத்து. கெட்டித் தமிழில் யாராவது எழுதிக் கொடுத்தால், இதை வாயால் சொல்வதென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று தயங்காமல் கேள். மனிதருக்கும் இதுதான். நான் போனில் ஒரு சொல்லைப் பாதியில் வெட்டிவிட்டு வைத்துவிட்டேன். மீதியை நீ கேட்கவே இல்லை. அவள் செத்துப்போனால் உன்னை நான் எப்படித் தேற்றுவேன், என்னை யார் தேற்றுவார்கள் என்றுதான் அன்றைக்கு என் உள்ளே ஓடியது. வாயில் வந்தது வேறு.

இதை முனியனிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அக்கா வீட்டு வாசலில், வண்டியை அணைக்காமல் நிற்கச் சொல்லியிருக்கிறேன். பதில் எதுவும் எழுதி வாங்கி வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார். சோறு வடித்து வைத்திருக்கிறேன்.

அம்மா